கண்டெடுத்த நாள்

நான் எழுதிக் குடுத்த மனு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சவ நான். பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் பென்சன், காட்டுப்பன்னி மரவள்ளியத் தோண்டிப் போட்டதுக்கு நட்டஈடு, எதுவா இருந்தாலும் சரி. மலைமேல செம்மேட்டுல தாலுக்கா ஆபீசுக்கு எதுத்தாப்ல எங்கூட்டுக்காரரு செல்லமுத்து டீக்கடை வெச்சிருக்காரு. அதுல ஒரு ஓரமா எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கட்டு வெள்ளத்தாளு. இருவத்தாறு வருசமா அங்கதான் குந்தியிருக்கேன். பொறந்தது கீழ ராசிபுரத்துப் பக்கம். அதனால மலைச்சனம் இன்னமும் என்னைக் ‘கீழ்நாட்டு அக்கா’ன்னுதான் சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும், எழுத்து என்கிட்டத்தான வருது!

அந்தப் பீத்தலையெல்லாம் இந்த மாசி மாசத்தோட மூட்டை கட்டி வெச்சாச்சுங்க.

மாதேஸ்வரன்னு ஒருத்தன். வாழவந்தி நாட்டுப் பக்கம் காடு. ரெண்டு ஏக்கரா மரவள்ளி, கொஞ்சம் சாமை, மரத்துல ஏத்திவிட்ட மொளகுக் கொடி, அவ்வளவுதான் சொத்து. வாயத் தொறந்து நாலு வார்த்த பேச மாட்டான். அவனுக்கும் சேத்து அவன் பொண்டாட்டி கண்ணாயி பேசுவா. சந்தைக்கு வந்தா ரெண்டு பேரும் எங்க கடையிலதான் டீ குடிப்பாங்க. அவங்களுக்கு ஒரே மக, அருள்மொழி. அந்தப் புள்ளைக்குக் காலேஜு உதவித்தொகைக்கு மனு எழுதுனது நாந்தான். எழுதி முடிச்சு நீட்டுனா, “அக்கா, இங்க ஒரு எழுத்து முழுங்கிட்டீங்க”ன்னு எம் மனுவுலயே தப்புக் கண்டுபிடிச்ச கழுத அது. எனக்குக் கோவம் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

போன ஆனி மாசம் அந்தப் புள்ள செத்துப் போச்சு. நாமக்கல்லு ஆஸ்டல்லருந்து காச்சலோட ஊட்டுக்கு வந்தது. டெங்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நாலு நாளு ஊட்டுல கெடந்து, அஞ்சாம் நாளு ஆம்புலன்சுல ஏத்திக் கீழ கொண்டுபோகையில, மலைப்பாதையோட முப்பத்திரெண்டாவது வளைவுல உசுரு போயிடுச்சு. பத்தொம்பது வயசு. சாவுக்கு நானும் போயிருந்தேன். கண்ணாயி அழுத அழுவைய நான் எந்த ஊட்டுலயும் கேட்டதில்ல.

அப்புறம் அவ பட்டினி கெடக்க ஆரம்பிச்சா. ஒரு வாய் கஞ்சி உள்ள போகல. மகளோட முப்பதாம் நாளு காரியத்துக்குப் போனப்ப அவ கைய நான் புடிச்சேன், வெறும் எலும்பு. இவளும் ஆவணி தாண்ட மாட்டான்னு சனம் பேசிக்கிச்சு. மாதேஸ்வரன் தட்டுல சோத்தப் போட்டு அவ முன்னால வெச்சுட்டு, மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

காரியம் முடிஞ்ச மறுநாளு ஒரு பேச்சுக் கெளம்புச்சு. மொளகுக் காட்டுல அருள்மொழி வந்துட்டாளாம்!

கல்யாணமாகாத புள்ள செத்தா கன்னியாகித் திரும்ப ஊட்டுக்கு வரும்னு இங்க நம்பிக்கை. கனவுல வரும், இல்லீன்னா ஒரு கல்லாட்டமோ காயாட்டமோ காட்டுல தட்டுப்படும். அத எடுத்தாந்து மஞ்சத்தண்ணி ஊத்தி ஊட்டு மூலையில வெச்சுக் கும்பிடுவாங்க. கண்ணாயிக்குத் தட்டுப்பட்டது கல்லில்ல, ஒரு பொன்காசு. கட்டவெரலு நகத்தவிடக் கொஞ்சம் பெருசு. அதுல ஒரு பொம்பளப்புள்ள உக்காந்திருக்குது. “எம்மக வந்துட்டா”ன்னு அத நெஞ்சோட அமுக்கிக்கிட்டா கண்ணாயி. அன்னிக்குத்தான் மொத மொத கஞ்சி குடிச்சா.

நாளாக நாளாக அவ தேறிட்டா. காட்டுக்குப் போனா, களையெடுத்தா, சந்தைக்கு வந்து பழையபடி என்கூட வம்பளந்தா. கல்யாணம் தள்ளிப் போற பொண்ணுங்கள அக்கம்பக்கத்துல கூட்டியாந்து காசு முன்னால கும்பிட வெச்சாங்க. நான்கூடப் போயிக் கும்பிட்டேன், எதுக்குப் பொய் சொல்லணும்? எவனோ ஒரு வெளங்காதவன் அத செல்போனுல போட்டோ புடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான். அது சுத்திச் சுத்தித் தொல்லியல் ஆளுங்க கண்ணுல பட்டுது. மண்ணுல கெடச்ச பழைய பொன்னெல்லாம் அரசாங்கத்துல ஒப்படைக்கணும்னு சட்டம். திங்கக்கெழமை பன்னெண்டு மணிக்கு தாலுக்கா ஆபீசுக்குக் காசோட வந்து வாக்குமூலம் குடுக்கணும்னு மாதேஸ்வரனுக்குக் கடுதாசி வந்துடுச்சு.

தேதிக்கு மொத நாளு காலையில அவன் தனியா வந்தான். மலையெல்லாம் மூட்டம், எதுத்த ஆபீசு கேட்டுகூடத் தெரியல. மொளகு பறிப்பு நேரம்ங்கறதால அவன் கையெல்லாம் கறுத்து, மேலெல்லாம் பச்ச மொளகு வாசம்.

“ஏனுங்க அக்கா, ஒரு மனு எழுதோணும்.”

“என்னன்னு?”

“அந்தக் காச எங்ககிட்டயே விட்டுறச் சொல்லி. கண்ணாயி எழுதியாரச் சொன்னா.”

“விட மாட்டாங்க மாதேஸு. சட்டம் அப்புடி. இருந்தாலும் எழுதித் தாரேன், மையா தீந்து போச்சு? கெடச்ச எடம் எதுன்னு போடட்டும்?”

“மொளகுக் காடு. மேக்கால வரப்பு ஓரம்.”

“கண்டெடுத்த நாளு?”

டீ டம்ளர ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு உள்ளயே பாத்துக்கிட்டிருந்தான்.

“ஏப்பா, காதுல உழுவுலயா? முப்பது கும்பிட்ட மறுநாளுதான? ஆடி இருவத்தொண்ணா?”

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

சொன்னான். ஒவ்வொரு வார்த்தையா, பல்லுப் புடுங்கற மாதிரி.

அந்தக் காசு கெடச்சது மக சாவறதுக்கு முன்னாடி. ஆனி பத்தாம் தேதி, மொளகுக் கொடி வெக்கக் குழி பறிக்கையில கடப்பாறையில தட்டுப்பட்டிருக்குது. யாருகிட்டயும் சொல்லல. மகளுக்குக் காதுல போட ஒரு ஜிமிக்கி பண்ணிப்புடலாம்னு வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டான். ஒரு வாரத்துல மக காச்சலோட வந்து எறங்குனா. பொதையலு காவு கேக்கும்னு சொல்லுவாங்களே, தொட்டவன் ஊட்டுல ஒரு உசுர எடுத்துக்கும்னு. அது புள்ளையப் புடிச்சிருச்சுன்னு இவன் முடிவே கட்டிட்டான்.

“கண்ணாயி ஆசுபத்திரிக்குப் போலாம்னு அழுத்திச் சொன்னாங்க அக்கா. ஊசி போட்டா இது போற காச்சலான்னு எனக்குள்ள ஒரு நெனப்பு. பெரியசாமி கோயிலுக்கு ஒரு நேத்திக்கடன் இருக்குது, அதத் தீத்துட்டுப் போலாம்னு அவகிட்டப் பொய் சொல்லி, ஒரு கிடாயக் கொண்டுபோயி அந்தக் குழியில வெட்டுனேன். ரத்தத்த குழிக்குள்ளயே உட்டேன். மறுநாளு விடியக்கால காச்சல் போயிடுச்சுங்க. ஒடம்பு குளுந்து கெடந்தா எம்புள்ள. பொழச்சுக்கிச்சுன்னு நான் வரப்புல உழுந்து கும்பிட்டனுங்க அக்கா!”

டெங்குல காச்சல் எறங்கற நாளுதான் மோசமான நாளுன்னு அப்புறமா டாக்டரு இவங்ககிட்டச் சொன்னாராம். இவன் சாமிக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்தப்ப புள்ளைக்கு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்குது. அதுக்கு அடுத்த நாளு அவ ரத்தமா வாந்தியெடுத்தப்பத்தான் ஆம்புலன்சக் கூப்புட்டிருக்காங்க.

“அட பாவி மனுசா! அப்புறம் எப்படிடா அந்தக் காசு ஆடி மாசம் கெடச்சுது?”

“திரும்பக் குழியிலயே போட்டு மூடிடலாம்னு முப்பது முடிஞ்ச மறுநாளு எடுத்துக்கிட்டுப் போனேன். நான் என்னமோ பண்ணிக்கப் போறேன்னு நெனச்சு அவ பின்னாலயே வந்திருக்கா. குழிக்கிட்ட நான் மண்ணுக் கையோட காச வெச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்தா. வெடுக்குனு வாங்கித் திருப்பிப் பாத்தா. ‘எம்மக’ன்னா. நான் என்னத்தச் சொல்றதுங்க? முப்பது நாளா சோறு திங்காதவ அன்னிக்குக் கஞ்சி கேட்டா. வாய மூடிக்கிட்டேன்.” டம்ளர மேசைமேல வெச்சான். “தெரிஞ்சா செத்துருவாங்க அக்கா. அவளையும் கொன்னவன் ஆயிருவேன்.”

அவனத் திட்டோணும்னுதான் வாயத் தொறந்தேன். ஊருல எனக்கு அப்படித்தான் பேரு, வாய்க்காரின்னு. ஆனா அவன் மூஞ்சியப் பாத்தா திட்டறதுக்கு அதுல எடமே இல்ல. எங்கூட்டுக்காரரு வடை எண்ணெய்க்கிட்ட நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டாரு. “ருக்கு, இதுல நீ கைய வெக்காத”ன்னாரு. நான் கேட்டனா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற வேலைன்னு தெரிஞ்சேதான் தாள எடுத்தேன். ஒரு பொம்பள ஆவணியத் தாண்டி, தையத் தாண்டி, மாசி வரைக்கும் உசுரோட வந்து சேந்துட்டா. ஒரு தேதியினால அவ சாகணுமா? ஆடி மாசம் இருவத்தொண்ணாம் தேதின்னு என் குண்டுகுண்டு எழுத்துல எழுதி அவன் கையில குடுத்தேன்.

“நாளைக்கு யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லோணும், புரிஞ்சுதா?”ன்னேன். தலையாட்டுனான்.

மறுநாளு பத்து மணிக்கெல்லாம் ரெண்டு பேரும் வந்துட்டாங்க. சிணுசிணுன்னு தூறலு. கண்ணாயி தூக்குப் போசியில சாமைச் சோறும் மொச்சக் கொழம்பும் கொண்டாந்திருந்தா, எனக்கும் சேத்து. மேசைமேல தாள ஒதுக்கி வெச்சுட்டு மூணு தட்டுல போட்டா.

“தின்னுட்டுத்தான் ஆபீசுக்குள்ள போகோணும் அக்கா. பசியோட போனா பேச வராது எனக்கு.”

“உனக்கா பேச வராது? கொட்டுற மழையாட்டப் பேசுவியே” ன்னேன். சிரிச்சா. அந்தச் சிரிப்பப் பாக்க மாட்டாம நான் தட்டுல குனிஞ்சுக்கிட்டேன்.

தின்னு முடிச்சுக் கையக் கழுவி, முந்தான முடிச்ச அவுத்தா. மஞ்சத்துணிக்குள்ள காசு. தெனமும் மஞ்சத்தண்ணியில கழுவி நேத்துத்தான் அடிச்ச காசாட்டப் பளபளன்னு இருந்துச்சு. ஒரு பக்கம் ஒரு ஆம்பள மூஞ்சி, பக்கவாட்டுல பாக்குற மாதிரி. கூரு மூக்கு, தலையச் சுத்தி எல. கன்னத்துலருந்து கழுத்து வரைக்கும் யாரோ உளியால ஒரு வெட்டு வெட்டியிருக்காங்க. சுத்தி என்னென்னவோ எழுத்து. அந்தப் பக்கத்தக் கண்ணாயி யாருக்கும் காட்ட மாட்டா. “அவன் யாரோ, எமனோ என்னமோ”ன்னு திருப்பிடுவா.

“இங்க பாருங்க அக்கா. சேருல உக்காந்திருக்காளா? ஒரு கையில தொரட்டி, ஒரு கையில தழ. கொய்யா பறிக்கப் போனா தொரட்டியக் கீழ வெக்க மாட்டாளே, அப்படியே கையில புடிச்சுக்கிட்டு உக்காந்து தின்னுக்கிட்டிருப்பா. தல முடிச்சிருக்கறதப் பாருங்க. குளிச்சுட்டு வந்தா இப்படித்தான் சுத்திக் கொண்டை போடுவா. அவ அப்பன் மொதல்ல பாத்தாரு, ஆனா அடையாளம் தெரியல அவருக்கு. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?”

மாதேஸ்வரன் எந்திரிச்சுப் போயித் தூறல்ல நின்னுக்கிட்டான்.

“அவருக்கு வெசனம்” ன்னு சொன்னா கண்ணாயி. “காச உட்டுட்டு வரணுமோன்னு பயந்துக்கறாரு. நீங்க எழுதியிருக்கீங்கல்ல, ஒண்ணும் ஆகாது.”

தாசில்தாரு நல்ல மனுசன். எங்க மூணு பேரையும் உக்காரச் சொன்னாரு. பக்கத்துல தொல்லியல்லருந்து வந்திருந்த பொண்ணு, கவிதான்னு பேரு. முப்பது வயசிருக்கும். அதட்டி வாங்கிட்டுப் போற ஆளா இருக்கும்னு நெனச்சா, “அம்மா, நான் தொட்டுப் பாக்கலாமா?”ன்னு கண்ணாயிகிட்டக் கேட்டுச்சு. கண்ணாயிக்கு அது புடிச்சுப் போச்சு. மஞ்சத்துணியோட அந்தப் பொண்ணு கையில வெச்சா.

அந்தப் பொண்ணு பூதக்கண்ணாடி வெச்சு நெம்ப நேரம் பாத்துச்சு.

“இது ரோமாபுரிக் காசும்மா. கடலுக்கு அந்தப் பக்கம், மேக்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி அங்க ஆண்ட ராசாதான் இந்த மூஞ்சி. நம்ம பக்கத்து மொளகுன்னா அவங்களுக்கு உசுரு. கப்பல் கப்பலா வாங்கிட்டுப் பொன்னாக் குடுத்துட்டுப் போவாங்க. அப்படி வந்த காசுங்க இந்தக் கொங்குச் சீமையில அங்கங்க கெடைக்குது.”

“அப்ப எங்க மொளகுக்குக் குடுத்தது எங்களுதுதானுங்களே?” கண்ணாயி பட்டுனு கேட்டா. தாசில்தாரே சிரிச்சுட்டாரு.

“இந்த வெட்டு எதுக்குன்னு கேட்டா உறுதியாச் சொல்ல முடியலம்மா. உள்ளயும் பொன்னுதானான்னு பாக்க வெட்டியிருக்கலாம். ராசா செல்லாதுன்னு காட்ட வெட்டியிருக்கலாம்.”

“இவ யாரு?” கண்ணாயி காசத் திருப்பிக் காட்டிக் கேட்டா.

அந்தப் பொண்ணு கொஞ்சம் தயங்குச்சு. “சமாதானத்துக்குன்னு அங்க ஒரு தெய்வம், அதுன்னு சொல்றாங்க. அந்த ராசா தன்னப் பெத்த அம்மாவத்தான் அப்படி உக்கார வெச்சிருக்கான்னும் சிலரு சொல்றாங்க. கையில இருக்கறது செங்கோலும் ஒரு கொப்பும்.”

“இல்லீங்க சாமி” ன்னா கண்ணாயி. கோவிக்காம, கொழந்தைக்குச் சொல்ற மாதிரிச் சொன்னா. “நீங்க படிச்சவங்க. ராசாவப் பத்தி நீங்க சொல்றது சரியா இருக்கும். இவளப் பத்தி எனக்குத்தான் தெரியும். எம்மக செத்து முப்பது கும்பிட்ட மறுநாளு, அவ நின்னு வெளையாடுன காட்டுலயே வந்தா. ரெண்டாயிரம் வருசமா அந்த மண்ண எத்தன பேரு கொத்தியிருப்பாங்க? இவரு அப்பனும் பாட்டனும் கொத்துன மண்ணுதான? அப்பல்லாம் வராம அன்னிக்கு எதுக்கு வரணும்? சொல்லுங்க.”

அந்தப் பொண்ணு பூதக்கண்ணாடிய மடக்கி வெச்சுச்சு. தாசில்தாரு மனுவ எடுத்துப் படிச்சாரு. “சட்டம் ஒண்ணு இருக்குதும்மா. நான் வெச்சுக்கச் சொன்னாலும் நாளைக்குப் போலீசு வரும். எந்த நாளு, எப்படிக் கெடச்சுதுன்னு உங்க வீட்டுக்காரர் வாக்குமூலம் குடுக்கட்டும். நீங்க சொல்றதையும் எழுதி மேல அனுப்பறேன். என்னால ஆனது அதுதான்.”

அதோட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஆடி இருவத்தொண்ணுன்னு அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காசு போனாலும் கண்ணாயிக்கு மக வந்தது வந்ததாவே இருந்திருக்கும். கண்ணாயிதான் விடல. வெறும் எழுத்துன்னா மேல இருக்கறவங்க நம்ப மாட்டாங்கன்னு அவளுக்குத் தோணியிருக்குது. கவிதாப் பொண்ணு கையிலருந்து காச வாங்கி, மேசைமேல மஞ்சத்துணிய விரிச்சு, அந்தப் பொம்பள உருவம் மேல தெரியறாப்ல வெச்சா.

“ஏனுங்க, இங்க வாங்க. இது நம்ம மக தல. கைய வெச்சு இவிய எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க. எப்ப வந்தா?”

பெத்த புள்ள தலையில கை வெச்சுப் பொய் சொன்னா அந்தப் புள்ளைக்குப் போற எடத்துலயும் கதி இல்லன்னு இந்த மலையில அறியாத ஆளு கெடையாது. கோர்ட்டுல ஆயிரம் பொய் சொல்லுவான், புள்ள தலையில கை வெக்கச் சொன்னா ஓடிப் போயிருவான். நான் மாதேஸ்வரன் முதுகுல மெதுவா ஒரு குத்து உட்டேன். சொல்லித் தொலடான்னு.

அவன் கைய நீட்டுனான். காசுக்கு நாலு வெரலு தள்ளி, கை அப்படியே நின்னுடுச்சு.

“வெய்யிங்க” ன்னா கண்ணாயி.

“என்னால ஆகல கண்ணாயி.”

“எதுக்கு ஆகல?”

“அவ தலையில கை வெச்சு என்னால முடியாது. ஏற்கெனவே செஞ்சது போதும்.” கைய இழுத்து நெஞ்சுல வெச்சுக்கிட்டான். “ஆடி இல்லீங்க சார். ஆனி. ஆனி பத்தாம் தேதி எடுத்தது.”

வெளிய மரவள்ளி லாரி ஒண்ணு உறுமிக்கிட்டுப் போச்சு. கண்ணாயி வெரலு மடக்கி எண்ண ஆரம்பிச்சா. சத்தமாவே எண்ணுனா.

“ஆனி பத்து. பதினேழுல காச்சலோட வந்தா. பத்தொம்பது கிடா வெட்டுனது. இருவது காச்சல் உட்டுது. இருவத்தொண்ணு...” வெரலு நின்னுடுச்சு. “நான் ஆசுபத்திரிக்குக் கூப்புட்டேன். ரெண்டு தடவ கூப்புட்டேன். நேத்தி இருக்குது, தீத்துட்டுப் போலாம்னீங்க. அது பெரியசாமிக்குத்தான?”

“குழிக்கு.”

“எந்தக் குழிக்கு?”

“இந்தக் காசு இருந்த குழிக்கு. காவு கேக்குதுன்னு நெனச்சேன் கண்ணாயி. புள்ளைக்குப் பதிலா கிடாயக் குடுத்துட்டா உட்டுரும்னு...”

“அந்தக் கறிய நான் ஆக்குனனே!” அவ கத்தல. ஆச்சரியப்பட்டவ மாதிரிச் சொன்னா. “ஈரலத் தனியா வறுத்தனே. காச்சல் உட்ட வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு நானே ஊட்டுனனே. ரெண்டு வாய் தின்னுட்டு, போதும்மான்னா. இன்னொரு வாய் வாங்கிக்க சாமின்னு கெஞ்சுனனே. அன்னிக்கு அவளக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா?”

கவிதாப் பொண்ணு கண்ணத் தொடச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. மாதேஸ்வரன் தரையில உக்காந்துட்டான்.

கண்ணாயி குனிஞ்சு மேசைமேல இருந்த காசப் பாத்தா. ஏழு மாசமா மஞ்சத்தண்ணி ஊத்திக் கொண்டாடுன காச, மொதத் தடவையா அடுத்தவ ஊட்டுச் சாமானப் பாக்கற மாதிரிப் பாத்தா. தொடல. ஒத்த வெரலால துணியோட சேத்து அந்தப் பொண்ணு பக்கம் தள்ளிவிட்டா.

“எடுத்துக்குங்க சாமி. இது எம்மக இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. இவ வேற யாரோ.”

தாசில்தாரு தொண்டையச் செருமிட்டு மனுவ என் பக்கம் நீட்டுனாரு. “எழுதுனது நீங்கதான? தேதிய அடிச்சுத் திருத்திக் குடுங்க.” என் பேனாவ எடுத்தேன். இருவத்தாறு வருசத்துல என் மனுவுல ஒரு அடிச்சல் திருத்தல் இருந்ததில்ல. ஆடி இருவத்தொண்ண அடிச்சேன். மேல ஆனி பத்துன்னு எழுதுனேன். எழுதறப்ப கண்ணாயி என் கையவே பாத்துக்கிட்டிருந்தா. ரசீதுல ஒப்படைச்சவங்க கையெழுத்துன்னு இருந்த எடத்துல ஒவ்வொரு எழுத்தா அழுத்தி அவ பேர எழுதிட்டு எந்திரிச்சுட்டா.

பஸ் ஸ்டாண்டுக்கு அவ பின்னாலயே ஓடுனேன். மாதேஸ்வரன் ரொம்பத் தள்ளி வந்துக்கிட்டிருந்தான். தூறலு விட்டு மூட்டம் எறங்கிடுச்சு. வாழவந்தி பஸ்ஸு உறுமிக்கிட்டு நின்னுச்சு.

“அக்கா, நேத்து இவரு உங்ககிட்டத் தனியாத்தான வந்தாரு?”

“ஆமாங் கண்ணு.”

“அப்பவே சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டான். நீ தாங்க மாட்டேன்னுதான்...”

“நல்லதுக்குத்தான் மறச்சீங்க. அவரும் நல்லதுக்குத்தான் செஞ்சாரு. நானும் நல்லதுக்குத்தான் ஊட்டுனேன்.” மூஞ்சில ஈரம் இல்ல, கோவம்கூட இல்ல. “வேணும்னு செஞ்சிருந்தா மண்ணள்ளித் தூத்திட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். புள்ள மேல உசுரா இருந்து கொன்னுபுட்டாரே. நான் யாரத் திட்டறது, சொல்லுங்க?”

“அவனத் திட்டு. என்னைத் திட்டு. செருப்பக் கழட்டி அடி. மனசுல வெச்சுக்காத.”

அவ தலைய ஆட்டிட்டு பஸ்ஸுல ஏறப் போனா. படியில ஒரு கால வெச்சவ அப்படியே நின்னுட்டா. கம்பியப் புடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா.

“காசு வந்ததுலருந்து நான் அழுவவே இல்லீங்க அக்கா. அவதான் ஊட்டுல இருக்காளே, எதுக்கு அழுவோணும்னு இருந்தேன். எம்மக இன்னிக்குத்தாங்க செத்தா.”

சொல்லிட்டுக் கால எறக்குனா. ஈரத்தரையில உக்காந்தா. நெஞ்சுல ஒரு அடி அடிச்சுக்கிட்டு, “எஞ் சாமீ”ன்னு ஒரு கொரலு எடுத்தா பாருங்க. சந்தைக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மாதேஸ்வரன் வந்து ஒரு கை தூரத்துல உக்காந்து முழங்கால்ல தலையக் கவுத்துக்கிட்டான். அவ அவனத் தள்ளவும் இல்ல, பாக்கவும் இல்ல.

பஸ்ஸு டிரைவரு எஞ்சின அணைச்சாரு. உள்ள எடம் புடிச்சு உக்காந்திருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. என்ன ஏதுன்னு யாரும் கேக்கல. கையில இருந்த பையைக் கீழ வெச்சுட்டு, எழவு ஊட்டுல உக்காருவாங்களே, அப்படி அவளச் சுத்தி உக்காந்து தோளக் கட்டிக்கிட்டு அழுதாங்க.

நான் மட்டும் போகல. அங்க போயி அவளக் கட்டிக்கிட்டு அழுவறதுக்கு எனக்கு மொகமில்ல.